ஒன்பது கல், ஒன்பது சத்தம்

அரக்கோணத்துக்கு மேற்கே இருப்பதெல்லாம் வெளிநாடு என்ற நம்பிக்கையில் நாற்பத்தேழு வயது வரை சென்னையில் சௌகரியமாக வாழ்ந்தவன் நான். ஆகையால் பொம்மிடி ஸ்டேஷனில் ரயில் நின்றதும், பாஸ்போர்ட் கேட்டால் என்ன சொல்வது என்ற யோசனையோடுதான் இறங்கினேன். யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு அங்கே ஆளே இல்லை. பிளாட்பாரம் மறுபக்கம் இருந்தது; நான் ஜல்லியில் இறங்கியிருந்தேன். ரயில் நகர்ந்த பிறகு, பிளாட்பாரத்தில் நின்ற ஒரு போர்ட்டர் என்னையும் என் குடையையும் கைப்பையையும் டிரங்குப் பெட்டியையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கமும் எறங்கலாமுங்க," என்றார். குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. தகவல்தான்.

எழுபதுகள் தொடங்கியிருந்த நேரம் அது. நான் வேலை பார்த்த கம்பெனிக்கு ஏழெட்டு ஊர்களில் கல் குவாரி இருந்தது. தலைமை ஆபீஸில் விபத்துப் பிரிவு என்று ஒன்று உண்டு. அதில் ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, ஒரு நான். பத்தொன்பது வருஷமாகக் குவாரி விபத்துகளைப் பற்றி அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு குவாரியைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. அது என் எழுத்துக்கு எந்த இடைஞ்சலும் செய்யவில்லை. வாரப் பத்திரிகைகளில் அவ்வப்போது நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் என்பதால், என் விபத்து அறிக்கைகளில் தமிழ் நன்றாக இருக்கும் என்று ஆபீஸில் பெயர்.

இந்த முறை நேரில் போகச் சொல்லிவிட்டார்கள். அரூருக்கு அப்பால், தீர்த்தமலைக்குப் போகிற வழியில் உள்ள எங்கள் குவாரியில் சென்றாயன் என்ற தொழிலாளி ஒரு காலை நேரத்தில் மெஷின் வைத்துப் பாறையில் துளை போட்டுக்கொண்டிருந்தபோது, முந்தின நாள் வெடிக்காமல் உள்ளேயே கிடந்த மருந்து வெடித்துவிட்டது. இடது கண் போயிற்று. வலது கையில் இரண்டு விரல் போயிற்று. முந்தின நாள் வெடி வைத்தவர் அருளப்பன் மேஸ்திரி. ஒன்பது குழிக்கு நெருப்பு வைத்தேன், ஒன்பதும் வெடித்தது என்று அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். 'மேஸ்திரியின் கவனக்குறைவு' என்று நான் எழுதினால் அவருடைய லைசென்ஸ் போகும், வேலை போகும். ஆபீஸில் அவருடைய பணிநீக்கக் கடிதம் டைப் செய்து தயாராக இருந்தது. தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். அந்தத் தேதியைக் கொண்டுவரத்தான் என்னை அனுப்பினார்கள்.

அரூர் பஸ்ஸில் எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். பேச்சு என்னைப் பற்றியது. அம்மை ஊசி போட வந்தவன் என்றாள் ஒருத்தி. இல்லை, குடும்பக் கட்டுப்பாட்டுக்காரன், பையைப் பார், அதில்தான் கத்தி இருக்கும் என்றாள் மற்றவள். எனக்குத் தெலுங்கு தெரியும் என்று காட்டிக்கொள்ளும் தைரியம் வரவில்லை. பையை மடியில் வைத்து மேலே துண்டைப் போட்டு மூடினேன். சந்தேகம் அதிகமாயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞன் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டான்.

நடுவழியில் ஒரு கிணற்றுக்கு எதிரே பஸ் ஆவி விட்டு நின்றது. சென்னையாக இருந்தால் பாதிப் பேர் கண்டக்டரிடமும் மீதிப் பேர் அரசாங்கத்திடமும் சண்டை போட்டிருப்பார்கள். இங்கே யாரும் அசையவில்லை. கிணற்றடியில் ஓர் அம்மாள் இரண்டு குடம் தண்ணீரோடு ஏற்கெனவே தயாராக நின்றிருந்தார். டிரைவர் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினார். தினமும் இதே இடத்தில்தான் கொதிக்கிறதா என்று கேட்டேன். ஆமாம், மூன்று மாதமாக என்றார். டிப்போவில் சொல்லலாமே என்றேன்.

"சொன்னா, வண்டிய என்னய்யா பண்ணுனன்னு எனக்கு மெமோ குடுப்பாங்க. இந்தம்மா தண்ணி குடுக்குது. நீங்களே சொல்லுங்க சார், யாருகிட்டச் சொல்றது நல்லது?"

நகைச்சுவைக் கட்டுரைக்கு ஆகும் என்று குறித்துக்கொண்டேன். அதற்கு மேல் அன்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

குவாரி ஆபீஸ் ஒரு தகரக் கொட்டகை. சூப்பர்வைசர் நான் சொல்வதற்கெல்லாம் "கரெக்ட் சார்" என்பவர். சில சமயம் நான் சொல்வதற்கு முன்னாலேயே சொன்னார். சுவரில் ஒரு கடிகாரம். மூன்று வருஷமாக இந்தக் குவாரியிலிருந்து ஒரு கோளாறுகூடத் தலைமை ஆபீஸுக்கு வரவில்லை என்பதற்காகக் கம்பெனி கொடுத்த பரிசு. அதைக் கடையில் தேர்ந்தெடுத்தவன் நான்தான். நான்கு பத்தில் நின்றிருந்தது.

கடிகாரத்துக்குக் கீழே சோற்றுப் பசையால் ஒட்டிய, பழுத்துப்போன ஒரு கடிதம். சூப்பர்வைசர் அதைப் பெருமையோடு வாய்விட்டுப் படித்துக் காட்டினார். கோவிந்தன் என்ற மேஸ்திரி, மூன்று வருஷத்துக்கு முன், 'நேற்று ஒரு குழி வெடிக்கவில்லை, காலையில் பார்த்துவிட்டோம், யாருக்கும் அடி இல்லை' என்று எழுதி அனுப்பியிருக்கிறார். அதற்குத் தலைமை ஆபீஸின் பதில் இது. கோவிந்தனின் கவனக்குறைவைக் கண்டித்து, ஏழு நாள் வேலை நீக்கம் செய்து, எல்லோரும் படித்துப் பயன்பெறுமாறு ஒட்டச் சொல்லியிருந்தது. கடைசி வரி: 'மெத்தனம் என்னும் நோய்க்கு மன்னிப்பு ஒருபோதும் மருந்தாகாது.'

எழுதியவர் பெரிய தமிழ் வாத்தியாராக இருந்திருப்பார் என்றார் சூப்பர்வைசர். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். கையெழுத்து இருந்த இடத்தில் 'பொறுப்பாளர், விபத்துப் பிரிவு' என்று மட்டும் இருந்தது. கம்பெனியில் அப்படி இருப்பது ஓர் ஆள்தான் என்பதை அவர் யோசிக்கவில்லை. அந்த வரி வந்து விழுந்த அன்று, மூன்று பேரைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டியது எனக்கு நினைவிருக்கிறது.

கோவிந்தன் என்ன ஆனார் என்று கேட்டேன். ஏழு நாள் கழித்துத் திரும்பி வரவில்லையாம். ஓசூர் பக்கம் போய்விட்டதாகக் கேள்வியாம்.

மத்தியானம் களி. கைப்பந்து அளவில் ஓர் உருண்டை, குழியில் கொள்ளுக் கடைசல். நான் அதை மென்றேன். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, நான் மெல்லுவதைப் பார்த்தார்கள். கிள்ளி, தோய்த்து, விழுங்க வேண்டும். பல்லுக்கு அதில் வேலை இல்லை என்று ஒருவர் செய்து காட்டினார். இரண்டாவது வாய் சுலபமாக இறங்கியது. அப்படிச் செய்து காட்டியவர்தான் அருளப்பன் மேஸ்திரி என்பது சாப்பிட்டு முடித்த பிறகு தெரிந்தது. ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் சிலுவை கோத்த கறுப்புக் கயிறு. அவர் வேலையைப் பறிக்க வந்தவனுக்கு அவரே சாப்பிடக் கற்றுக்கொடுத்திருக்கிறார். விசாரணை சரியான முறையில் தொடங்கியதாக எனக்குப் படவில்லை.

இரண்டாம் நாள் மாலை வெடி வைப்பதைப் பார்த்தேன். ஐந்து குழி. அருளப்பன் ஒவ்வொரு திரியாகக் கொளுத்திவிட்டு, ஓடாமல், வேகமாக நடந்து வந்து பாறை மறைவில் எங்களோடு உட்கார்ந்தார். ஓடினால் கால் தடுக்குமாம். மறைவில் முனியப்பன் என்பவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். இடது உள்ளங்கையில் ஐந்து கூழாங்கல். ஒவ்வொரு வெடிக்கும் ஒரு கல்லைத் தூக்கி எறிவார். கை காலியானால் எல்லாக் குழியும் வெடித்தாயிற்று. கையில் கல் மிச்சம் இருந்தால் மறுநாள் வரை யாரும் பாறைப் பக்கம் போகக் கூடாது. விரல் விட்டு எண்ணினால் பயத்தில் இரண்டு விரல் சேர்ந்து மடங்கிவிடும், கல் மடங்காது என்றார்கள். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத விதி, இவர்களாக வைத்துக்கொண்டது. என் பத்தொன்பது வருஷ அறிக்கைகளில் இந்தக் கற்களைப் பற்றி ஒரு வரி கிடையாது.

வெடித்தது. முனியப்பன் ஐந்து கல்லையும் எறிந்தார். நான் எண்ணியது ஆறு. பள்ளிக்கூடத்தில் கணக்கில் என் மார்க்கை நினைத்துப் பார்த்து, வாயை மூடிக்கொண்டேன். ஆனால் முனியப்பன் தன் காலியான கையை ஒரு கணம் பார்த்ததையும், பிறகு அருளப்பனைப் பாராமல் எழுந்து போனதையும் பார்த்தேன்.

அன்று இருவரிடமும் தனித்தனியாக விசாரித்தேன். விபத்துக்கு முந்தின நாள் என்ன நடந்தது? ஒன்பது கல், ஒன்பது சத்தம் என்றார் அருளப்பன். முனியப்பனும் அதே நான்கு வார்த்தை சொன்னார். சொல்லும்போது சுவரில் இருந்த கடிதத்தைத்தான் பார்த்தார்.

மூன்றாம் நாள் தர்மபுரி பெரியாஸ்பத்திரி. புளி மூட்டை ஏற்றிய லாரியில், மூட்டை மேல் இடம் கிடைத்தது. அதியமான்கோட்டைப் பக்கம் இறக்க வேண்டிய மூட்டைகளை இறக்கும் வரைக்கும், எதிர்க்கடையில் போண்டாவும் கல் போல் கெட்டியான சட்னியும் சாப்பிட்டேன். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது என் வேட்டி முழுக்கப் புளி. சென்றாயனுக்கு முப்பது வயதுகூட இராது. பாதி முகத்தில் கட்டு. மீதிக் கண்ணால் என் வேட்டியைப் பார்த்து, "ரசத்துல எறங்கி வந்தீங்களா சார்?" என்றார். அவர் மனைவி அவரை அதட்டினாள்.

மேஸ்திரி மேல் கோபம் இருக்கிறதா என்று கேட்டேன். அன்று மறைவில் தானும் இருந்ததாகவும், தானும் மனசுக்குள் எண்ணியதாகவும், ஒன்பதுதான் வந்தது என்றும் சொன்னார்.

"அருளப்பண்ணன எடுத்துட்டா வேற ஆளு வருவான். அவனுக்கும் ஒம்போதுதான் கேக்கும். எந் தம்பி அங்கதான் சார் மெஷின் புடிக்கறான். அவனுக்கு ரெண்டு கண்ணும் நல்லா இருக்குது."

திரும்பும் வழியில் புளி லாரி கிடைக்கவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். வேட்டியைப் பார்த்து யாரும் குடும்பக் கட்டுப்பாடு என்று சொல்லவில்லை.

நான்காம் நாள் காலை, மறைவுப் பாறையின் நிழலில் அருளப்பனும் முனியப்பனும் கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு சொம்பு கொடுத்தார்கள். நடந்ததை நடந்தபடி சொல்லலாம், பயப்பட வேண்டாம் என்று நான் தொடங்கினேன். பத்தொன்பது வருஷமாக எழுதியெழுதிப் பழகிய வாக்கியம். முனியப்பன் மோர் மிளகாயைக் கடித்தபடி, என்னைப் பார்க்காமல், சுவரில் இருந்த வரியைத் தலை முதல் கால் வரை ஒப்பித்தார். மெத்தனம் என்னும் நோய்க்கு. ஓர் எழுத்து பிசகவில்லை. என் எழுத்தை மனப்பாடமாகச் சொன்ன முதல் வாசகர் அவர்தான்.

ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் சரியாகத் தெரியவில்லை. வீரம் இல்லை. எரிச்சலாகக்கூட இருக்கலாம்.

"அதை எழுதினவன் நான்தான்," என்றேன்.

முனியப்பன் கையில் இருந்த மிளகாய் பாதியில் நின்றது. அருளப்பன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க, அப்ப நீங்க வெடி பாத்திருக்கீங்களா?"

"இல்லை. நேற்று முன்தினம்தான் முதல் தடவை."

"கோவிந்தன?"

"பார்த்ததில்லை. யாருக்கும் அடிபடவில்லை என்று அவர் எழுதியிருந்ததைச் சரியாகப் படிக்கவும் இல்லை. வரி நன்றாக வந்தது. எழுதிவிட்டேன். தப்பு என்னுடையதுதான்."

முனியப்பன் சொம்பைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு, எனக்குப் புரியாது என்ற நம்பிக்கையில், தன் வீட்டுத் தெலுங்கில் அருளப்பனிடம் கேட்டார். சொல்லிவிடட்டுமா, என்று. அருளப்பனுக்குத் தெலுங்கு சரியாக வராது. ஆனாலும் தலையை ஆட்டினார்.

"மலை பேசுதுங்க," என்றார் முனியப்பன்.

இரண்டு மாதத்துக்கு முன் வேலை இந்த வடக்குப் பாறைக்கு மாறியிருக்கிறது. எதிரே செங்குத்தாக இன்னொரு பாறை. வந்த முதல் வாரத்திலேயே ஏழு குழிக்கு எட்டுச் சத்தம் கேட்டது. கையில் எறிய எட்டாவது கல் இல்லை. எல்லோரும் சிரித்திருக்கிறார்கள், மலைக்கும் ஒரு கல் கொடுடா என்று முனியப்பனைக் கேலி செய்திருக்கிறார்கள். விபத்துக்கு முந்தின நாள் வெடிகள் அடுத்தடுத்து வந்து, நடுநடுவே மலையின் சத்தத்தை அமுக்கிவிட்டன. எட்டுக் கல் போன பிறகு கடைசிச் சத்தம் ஒன்று வந்தது.

"அது மெத்துன்னு இருந்துச்சுங்க. கல்ல கையிலயே வெச்சிருந்தேன். எறியலாமா வேணாமான்னு. வெச்சுக்கிட்டேன்னா ஒரு குழி வெடிக்கல, மிஸ்பயருன்னு எழுதணும். எழுதுனா லெட்டர் வரும். சொன்ன கோவிந்தன் போயிட்டான். சொல்லாத நாங்க இருக்கறம், கடியாரமும் குடுத்தாங்க." இடது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "எறிஞ்சுட்டேன்."

அருளப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முனியப்பன் என்னிடம் கேட்டார்: "இப்ப எம் பேர எழுதிக்குவீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் அருளப்பன் சொன்னார். "பேரு வேணும்னா என் பேரயே எழுதுங்க சார். நெருப்பு வெச்சவன் நானு. இவன் பேர எழுதுனீங்கன்னா, மலை பேசுதுன்னு இனி எவனும் வாயத் தொறக்க மாட்டான்."

அன்று மாலை அருளப்பன் ஒரே ஒரு குழிக்கு நெருப்பு வைத்தார். சூப்பர்வைசரையும் மறைவுக்குக் கூப்பிட்டிருந்தோம். முனியப்பன் கையில் ஒரே ஒரு கல். வெடித்தது, கல்லை எறிந்தார். ஒரு மூச்சு விடும் நேரம். எதிர்ப்பாறையிலிருந்து இரண்டாவது சத்தம் வந்தது. முதல் சத்தத்துக்குத் தம்பி என்று சொல்லலாம், அவ்வளவு ஜாடை. சூப்பர்வைசர் 'கரெக்ட்' என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டார். சென்றாயனின் தம்பி அந்தப் பாறையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அதற்குப் பிறகு நடந்தது அரை மணி நேரப் பேச்சு. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் ஒரு வாக்கியம் வந்திருக்கும். திரிகளின் நீளத்தை இன்னும் தள்ளித் தள்ளி வெட்டினால் ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவில் மலை பேசி முடித்துவிடும் என்றார் அருளப்பன். எதிர்ப்பாறைக்குப் பின்னால் இன்னொருவர் இன்னொரு கைக் கல்லோடு உட்காரட்டும், அங்கே எதிரொலி வராது என்றான் சென்றாயனின் தம்பி. இரண்டு பேர் கையும் காலியானால்தான் பாறைப் பக்கம் போவது என்று முடிவாயிற்று. சத்தம் சரியாக இருந்தாலும் எண்ணுகிறவன் மனசு சரியில்லை என்றால் மறுநாள்தான் என்று முனியப்பன் சேர்த்தார். சூப்பர்வைசர் எல்லாவற்றையும் ஒரு சிகரெட் பெட்டி அட்டையில் எழுதிக்கொண்டார்.

அறிக்கையைப் பொம்மிடி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன், இந்த முறை சரியான பிளாட்பாரத்தில். கல், மலை, சுவரில் உள்ள கடிதம், கடிகாரம் எல்லாவற்றையும் எழுதினேன். எங்கள் படிவத்தில் ஏழாவது கட்டம் 'தவறிழைத்தவர் பெயர்' என்பது. அதைக் காலியாக விட்டால் படிவம் செல்லாது. அந்தக் கட்டத்தை உண்டாக்கியவனும் நான்தான். ரயில் சிக்னல் விழும் வரை யோசித்துவிட்டு, என் பெயரை எழுதினேன்.

ஒரு வாரம் கழித்துப் படிவம் என் மேஜைக்கே திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மை: 'அறிக்கை தயாரித்தவர் பெயர் தவறுதலாக ஏழாம் கட்டத்தில் எழுதப்பட்டுள்ளது. திருத்தி அனுப்பவும்.' சரியான கட்டத்தில்தான் எழுதியிருக்கிறேன் என்று பதில் வைத்தேன். அது போயிற்று, வந்தது, மறுபடி போயிற்று. மானேஜர் கூப்பிட்டு, இதுவும் உம்முடைய நகைச்சுவையா என்று கேட்டார். இல்லை என்றேன், அவருக்கு நம்பிக்கை வரவில்லை. நகைச்சுவை எழுதுகிறவன் படுகிற கஷ்டம் இது. படிவம் முடியாததால் அருளப்பனின் கடிதத்துக்குத் தேதி விழவில்லை. அவர் தொடர்ந்து வெடி வைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் குவாரியிலிருந்து ஒரு கார்டு வந்தது. சூப்பர்வைசரின் கையெழுத்து, கீழே முனியப்பனின் கைநாட்டு. 'நேற்று ஏழு குழி. ஏழு சத்தம். இரண்டு கையும் காலி. ஆனாலும் முனியப்பனுக்கு மனசு சரியில்லை. வேலையை நிறுத்தி வைத்தோம். காலையில் பார்த்ததில் ஏழும் வெடித்திருந்தது. தகவலுக்காக.'

மானேஜர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஒன்றுமே நடக்காததற்கு ஒரு நாள் வேலையை நிறுத்தியதுமல்லாமல், அதை எழுதி வேறு அனுப்புவார்களா என்றார். இதற்கு என்ன பதில் எழுதப் போகிறீர் என்றும் கேட்டார்.

'கிடைத்தது. நல்லது செய்தீர்கள்' என்று எழுதினேன். வரி ஒன்றும் விசேஷமாக வரவில்லை. யாரையும் கூப்பிட்டுப் படித்துக் காட்டவும் இல்லை. கார்டை வைக்கக் கோப்பு இல்லாததால் புதிதாக ஒன்று திறந்து, மேலே 'நடக்காதவை' என்று எழுதினேன். இப்போது என் அலமாரியில் மிகவும் தடிமனான கோப்பு அதுதான். போன வாரம் அதற்கு இரண்டாவது கயிறு போட வேண்டி வந்தது.